பழைய வேன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாத சிலர் கேட்டுக்கொண்டதால், நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



தலைவர் அண்ணாச்சி எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பேங்கில் முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குப் பத்து நிமிடம் போதாது என்று அவருக்கும் தெரியும். பார்ப்போம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் நாற்பது வீட்டுக்கும் பொதுவாக ஒரு பழைய வேன் வாங்கலாம், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம், மற்ற நேரம் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று யோசனை வந்திருக்கிறது. வீட்டுக்கு 7,500 வீதம் 3 லட்சம் ரூபாய் பட்ஜெட். செயலாளர் தம்பி மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒரு 2016 ஆம்னி, ஒரு 2018 ஈக்கோ, கேரளா நம்பரில் இன்னொரு ஈக்கோ. மூன்றும் போட்டோவில் பளபளவென்று இருக்கின்றன.

போட்டோவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் நான் ஒரு பழைய ஈக்கோ வாங்கி ஏமாந்தேன். என் மனைவியை மாதம் இரண்டு முறை திருநெல்வேலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏற அவளால் முடியவில்லை. வாடகைக் காருக்குக் கொடுக்கிற பணத்துக்கு ஒரு வண்டியே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். விலை 2,35,000. ஒன்றரை வருஷத்தில் ரிப்பேர் செலவு 61,000. கடைசியில் விற்றது 1,10,000. நிகர நஷ்டம் 1,86,000. பி.காம். படித்தவன், வாகனக் கடன் பைல்களைக் கையில் புரட்டியவன், நானே இப்படி ஏமாந்தேன் என்பதை இத்தனை நாள் இந்தக் கட்டிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நாற்பது வீட்டுப் பணமும், அதைவிட நம் பிள்ளைகளும் அந்த வண்டிக்குள் இருக்கப் போவதால் சொல்கிறேன்.

நம் ஊரில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அப்போது சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது பிறகுதான் தெரியும். என் அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த ஏலத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. குளிப்பு தொடங்கும் முன்பே பார்களிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டு வியாபாரிகளுக்குச் சொல்லிவிடுவார்கள். பழைய வேன் வாங்குகிற நாம் அந்த மாதிரிச் சிப்பியைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. சீட் கவர் புதிதாக இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

முதலில் துருவைப் பற்றிச் சொல்கிறேன். வேறு ஊரில் இந்தப் பேச்சு இன்ஜினில் தொடங்கும். தூத்துக்குடியில் துருவில்தான் தொடங்க வேண்டும். நம் வீட்டு ஜன்னல் கம்பி, மொட்டை மாடி டிவி ஆன்டெனா, ஏசி வெளி யூனிட் எல்லாம் எத்தனை வருஷம் தாங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். அதே உப்புக் காற்றுதான் வண்டிக்கும். போதாததற்கு முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் ரோட்டின் ஓரம் வரை உப்பளம். உப்பு லாரியிலிருந்து சிந்தியது, மழையில் கரைந்தது எல்லாம் டயர் வழியாக வண்டியின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. மேலே பெயின்ட் நன்றாக இருக்கும். அடியில் ஓட்டை இருக்கும்.

இதில் மிக மோசமானது மீன் ஏற்றிய வண்டி. ஆம்னியிலும் ஈக்கோவிலும் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மீன் பெட்டி ஏற்றுவது நம் கடற்கரையில் சாதாரணம். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் தரையில் வடிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருகிற துருவாவது கண்ணில் படும். இது உள்ளேயிருந்து தின்கிறது. விற்கும்போது சீட்டைத் திரும்ப மாட்டி, மேட் விரித்து, ஊதுபத்தியோ சென்ட்டோ போட்டுத் தருவார்கள். வண்டிக்குள் மூக்கைத் துளைக்கிற வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். பழைய வாசனை வெளியே வந்துவிடும். சீட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட புதுத் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேட்டைத் தூக்கிப் பார்ப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். "சார், புது மேட்டு, ஒட்டியிருக்கு, தூக்க முடியாது" என்று சொன்னால், அந்த வண்டியைப் பார்த்தது போதும், டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். டிரைவர் கால் வைக்கும் இடம், பக்கவாட்டுக் கதவின் படி, இழுவைக் கதவு ஓடும் தண்டவாளம், பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, பேட்டரிக்கு அடிப்பக்கம், கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளம், இவ்வளவையும் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளம் மாதிரி எழும்பியிருந்தால் அதற்குக் கீழே துரு பாதி வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டி போட்டு மூடியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்ஜில் ஒட்டுகிற சாதாரணக் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தகடு என்றால் பிடிக்கும். பட்டி கனமாக இருந்தால் விழுந்துவிடும். விரல் முட்டியால் தட்டினாலும் சத்தம் மாறும். தகடு கணீர் என்கும், பட்டி மொத்தென்று இருக்கும். அடிப்பகுதியில் புதிதாகக் கறுப்புத் தார் மாதிரி அடித்திருந்தால் மெக்கானிக்கை விட்டு ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டச் சொல்லுங்கள். புது வண்டிக்கு அடிக்கும்போது அது பாதுகாப்பு. விற்பதற்கு முந்தின வாரம் அடித்தால் அது முக்காடு.

தரையில் ஓட்டை இருந்தால் என்ன, வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளையே கொண்டுவந்தது. ஓட்டையை ஒரு பலகையோ மேட்டோ போட்டு மூடிவிடலாம் என்று நினைக்கிற மனசு எல்லா ஊரிலும் இருக்கிறது. நாம் பிள்ளைகளை ஏற்றப் போகிறோம். மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் இந்தச் சங்கம் வண்டி வாங்கக் கூடாது. இது ஒன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

அடுத்தது வெள்ளம். என் கதை இதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து நகரமே மிதந்தது. நம் கீழ்த்தளத்தில் நின்ற வண்டிகளின் கதியை நீங்கள் பார்த்தீர்கள். அதுபோல எத்தனை வண்டி மூழ்கியிருக்கும்! அவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சிலவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து ஏலத்தில் விட்டன. ஏலம் எடுத்தவர்கள் கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி விற்றார்கள். ஏலம் எடுப்பதும் விற்பதும் தப்பில்லை. மூழ்கியது என்று சொல்லாமல் விற்பதுதான் தப்பு. நான் வாங்கியது அதில் ஒன்று என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் ஹாரன் தானாக அடித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு. மூன்றாவது மாடியிலிருந்து திட்டினீர்களே, அது என் வண்டிதான், இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு வைப்பர் நின்றது. பிறகு காலையில் ஸ்டார்ட் ஆவதும் ஆகாததும் அதன் இஷ்டம். மெக்கானிக் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு ஒயர் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. "அண்ணாச்சி, இது குளிச்ச வண்டி" என்றார். நான் சர்வீஸ் விட்டதைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமா, போன வாரம்தான் வாட்டர் வாஷ் பண்ணினேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க அவர் எனக்குச் சொல்லித்தந்தது இது. சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை, வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரிகிற இரண்டு அடியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே நிற்கும். என் வண்டியில் நின்றது. வாங்குகிற அன்று இதை நான் இழுத்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சீட்டுக்குக் கீழே உள்ள கம்பிகளும் சுருளும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஆவி படிந்த கறை இருக்கிறதா, ப்யூஸ் பெட்டிக்குள் மண் இருக்கிறதா, ஸ்டெப்னி மாட்டும் இடத்தில் சகதி காய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். விளக்கையே பிடுங்கி வைத்திருக்கலாம்.

இன்னொரு வழி இன்சூரன்ஸ். பாலிசி நகலை வாங்கி அந்தக் கம்பெனியில் க்ளெய்ம் விவரம் கேளுங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு பெரிய க்ளெய்ம் ஒன்று இருந்தால் காரணம் கேளுங்கள். 2024-ன் தொடக்கத்தில் பாலிசி திடீரென்று விட்டுப்போய், சில மாதம் கழித்து வேறு கம்பெனியில் தொடங்கியிருந்தால் அதையும் கேளுங்கள். வண்டி வெளியூர் நம்பராக இருந்தால் வெள்ளம் பட்டிருக்காது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் மூழ்கிய வண்டி வெளியூரிலும், சென்னையில் மூழ்கியது நம் ஊரிலும் விற்கும். அதே மாதம் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும் மிதந்ததே.

இனி பிரேக். வாகைகுளம் டோல்கேட் தாண்டி திருநெல்வேலி நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு டிராக்டர். பிரேக்கை மிதித்தேன், பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருவில் அரித்து வெடித்திருக்கிறது. பிரேக் ஆயில் இரண்டு பாதையாகப் போவதால் ஒரு பாதை மிச்சம் இருந்தது, அதனால் பாதி பிரேக் கிடைத்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, ரோட்டோரம் மண்ணில் இறக்கி நிறுத்தினேன். என் மனைவி வழக்கமாக நான் எதைச் செய்தாலும் ஒரு கருத்துச் சொல்வாள். அன்று திருநெல்வேலி போய்த் திரும்பி வீடு வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே வண்டியைத் தூக்கி, அடியில் நீளமாக ஓடும் அந்த மெல்லிய பைப்பைப் பார்க்காமல் வாங்காதீர்கள். லிப்ட்டில் ஏற்ற எந்த ஒர்க் ஷாப்பிலும் ஒரு சிறு தொகைதான் கேட்பார்கள். விற்கிறவர் சொல்லும் ஒர்க் ஷாப்புக்குப் போகாதீர்கள், நமக்குத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். நிற்கும் வண்டியில் பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

இன்ஜின் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, ஆகையால் சுருக்கமாக. முதலில், வண்டி பார்க்கப் போகும் நேரத்துக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆம்னியிலும் ஈக்கோவிலும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. போனதும் சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல், அதை நமக்குக் காட்ட அவர்கள் விரும்பவில்லை. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை, சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு, அது பெரிய செலவு. ஆம்னியாக இருந்தால் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது, எனவே புதிதாக எதுவும் கிடைக்காது, பராமரித்ததா பராமரிக்காததா என்பதுதான் கேள்வி.

ஓட்டிப் பார்க்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்து தெருவைச் சுற்றி வருவதில் பயனில்லை. ஆறு பேர் ஏறுங்கள். ஒரு மேம்பாலத்தில் ஏற்றுங்கள். இரண்டு வண்டியும் பின் சக்கரத்தில் இழுப்பவை. நடுவில் நீளமான ஷாப்ட் ஓடுகிறது. கியர் மாற்றும்போது அடியில் 'டொக்' என்று சத்தம் வந்தால் ஷாப்ட் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. வேகம் எடுக்க எடுக்கப் பின்னால் 'ஊ' என்று ஊளையிட்டால் டிபரன்ஷியலைக் காட்ட வேண்டும். மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. சமதளத்தில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் நேராகப் போக வேண்டும்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். அதைக் குறைப்பது அரை மணி நேர வேலை. மீட்டர் 42,000 என்று சொல்லி, பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாகவும் ஸ்டியரிங் பளபளவென்று தேய்ந்தும் இருந்தால் பெடலைத்தான் நம்ப வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பழைய சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தால் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். பேலன்ஸ் டேலி ஆகாத லெட்ஜர் மாதிரிதான்.

கேஸ் கிட் பற்றி ஒரு வார்த்தை. கேஸில் ஓடும் வண்டி என்றால் அது ஆர்.சி.யில் எழுதியிருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், அந்தச் சான்று கேளுங்கள். சமையல் சிலிண்டரில் இணைப்புக் கொடுத்து ஓட்டிய அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். காகிதம்.

வண்டியைக் கடனில் வாங்கினால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் ஏறும். கடைசித் தவணை கட்டினால் கடன் முடியும், ஆனால் ஆர்.சி.யிலிருந்து பேங்க் பெயர் தானாகப் போய்விடாது. பேங்க் தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். அந்தச் சான்றுக்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள். கடனைக் கட்டி முடித்த சந்தோஷத்தில் சான்றைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்களை நான் வருஷக்கணக்கில் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு வருஷம் கழித்து வண்டியை விற்கப்போகும்போது மஞ்சளாகிப்போன காகிதத்தோடு ஓடி வருவார்கள். 2020 ஏப்ரலில் பல அரசு வங்கிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள். அதன் பிறகு பழைய கிளையின் பெயரில் இருக்கும் கடனைத் தேடி எடுப்பது இன்னும் வேலை. ஆகவே "லோன் முடிஞ்சிருச்சு, பேப்பர் அப்புறம் தாரேன்" என்றால் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் கடன் குறிப்பு, இன்சூரன்ஸ், தகுதிக் காலம் எல்லாம் வரும். நிலுவையில் உள்ள அபராதங்களையும் பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். அந்த இடத்தில் துரு தின்று நம்பரே மங்கியிருந்தால் நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆய்வில் சிக்கல் வரும்.

பெயர் மாற்றத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. விற்கிறவர் படிவம் 29-லும் 30-லும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். புரோக்கர் அதை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று வண்டி நான்கு கை மாறும், ஆர்.சி. முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இப்படிப் பலமுறை கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மில் பழைய வண்டியை விற்றவர்கள் இருந்தால் இன்று இரவே வீட்டுக்குப் போய் உங்கள் நம்பரைத் தட்டிப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயர் இருக்கலாம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பணம் கேட்க முடியாது. பழைய உரிமையாளரின் க்ளெய்ம் இல்லாச் சலுகை நமக்கு வராது, எனவே பிரீமியம் கூடும். அதைப் பட்ஜெட்டில் சேர்க்கவில்லை, பொருளாளர் குறித்துக்கொள்ளவும்.

கேரளா நம்பர் வண்டி விலை குறைவு என்று செயலாளர் தம்பி சொல்கிறார். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம் டி.என். 69 நம்பர் போட்ட பிறகு அந்தக் குறைவு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேசலாம்.

வயதையும் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். பிறகு ஆய்வுக்குக் கொண்டுபோய் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி.

இதையெல்லாம்விட நாம் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு ஆச்சரியம். வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றக்கூடாது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சந்தா வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால், ஏதாவது நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாடகை ஓட்டம் என்று சொல்லிக் கையை விரிக்கலாம். மஞ்சள் போர்டு என்றால் பர்மிட் வேண்டும், எப்.சி. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் இன்னும் விதிகள் உண்டு. வண்டி யார் பெயரில் வாங்குவது என்பதும் முடிவாகவில்லை. "செயலாளர் பேர்லயே வாங்கிருவோம், ஈஸி" என்று சொன்னார்கள். தம்பிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நம் எல்லோருக்காகவும் வாங்கிய வண்டியின் விபத்துப் பொறுப்பை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நம் சங்கம் பதிவு செய்த சங்கம், தீர்மானம் போட்டுச் சங்கத்தின் பெயரிலேயே வாங்கலாம். என் சொந்த அபிப்பிராயம், பிள்ளைகளுக்கு உரிய பர்மிட் உள்ள பள்ளி வாகனத்தையே ஏற்பாடு செய்வோம். நம் வேனை ஆஸ்பத்திரிக்கும் அவசரத்துக்கும் காசு வாங்காமல் வைத்துக்கொள்வோம். இதை வோட்டுக்கு விடுங்கள், தோற்றாலும் எனக்கு வருத்தமில்லை.

கூட்டம் முடிந்ததும் இரண்டாம் மாடி அக்கா ஒரு கேள்வி கேட்டார்கள். "அண்ணே, நீங்க வித்தப்போ வாங்கினவங்ககிட்ட உள்ளதைச் சொன்னீங்களா?" சொன்னேன். புரோக்கர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வாயை மூடிட்டு இருங்க சார், ஒன்னு எழுபதுக்கு நான் முடிச்சுத் தாரேன்" என்றார். வாங்க வந்தவர் தருவைகுளத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், கர்ப்பிணி மனைவியோடு வந்திருந்தார். நான் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துக் காட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் யாரும் வரவில்லை. கடைசியில் உதிரி பாகத்துக்காக ஒரு ஒர்க் ஷாப்காரர் 1,10,000-க்கு எடுத்துக்கொண்டார். ரசீதில் 'வெள்ளத்தில் மூழ்கிய வாகனம்' என்று எழுதச் சொன்னேன். புரோக்கர் இப்போதும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் இரண்டு வண்டியையும் பார்க்கப் போகிறோம். வெயில் ஏறும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே. எடை வேண்டுமென்பதால் ஆறு பேர் தேவை, பெயர் கொடுங்கள். காந்தமும் டார்ச்சும் நான் கொண்டு வருகிறேன். மெக்கானிக்குக் கூலி 500 ரூபாய் சங்கத்திலிருந்து தர வேண்டும் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் யோசிக்கிறார்.